ஈய அச்சுக்கு அடங்காத நஸ்தலீக்

உருது நாளிதழ்களும் கவிதை நூல்களும் அச்சாகும் எழுத்துநடைக்கு நஸ்தலீக் என்று பெயர். நஸ்க், தஅலீக் என்னும் இரண்டு பழைய நடைகளின் பெயர்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஈரானில் உருப்பெற்ற இந்நடையை ஒழுங்குபடுத்தியவர் தப்ரீஸ் ஊர் மீர் அலி என்பது மரபு. பாரசீகக் கவிதைச் சுவடிகளோடு இது முகலாய அரசவைக்கும் வந்தது. அக்பர் காலத்து எழுத்தரான முகம்மது ஹுசைன் காஷ்மீரி 'ஸர்ரீன் கலம்', அதாவது பொன் எழுதுகோல், என்ற பட்டம் பெற்றார்.

நாணல் பேனாவின் நுனி வைக்கும் புள்ளியே இதன் அளவுகோல். அலிஃப் எழுத்தின் உயரம் மூன்று புள்ளி. சொற்கள் வலப்புறம் மேலே தொடங்கி இடப்புறம் கீழே சரிந்து இறங்கும். 'முஹப்பத்' என்று எழுதிப் பார்த்தால் இது விளங்கும்: மீம் உச்சியில் சிறு முடிச்சாக நிற்கும், அடுத்த இரண்டு எழுத்துகளும் படிப்படியாக இறங்கும், கடைசித் தே அடிக்கோட்டில் தோணிபோல் நீண்டு கிடக்கும். அடுத்து நிற்பது எது என்பதைப் பொறுத்து ஒவ்வோர் எழுத்தின் வடிவமும் உயரமும் மாறும்.

அந்த அழகுதான் அச்சுக்காரர்களைத் திணறடித்தது. ஈய எழுத்துகளை ஒரே கோட்டில் நிறுத்தித்தான் அச்சுக் கோக்க முடியும். நஸ்தலீக்கோ கோட்டில் நிற்காது. கல்கத்தாவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதற்கு ஈய எழுத்து வார்த்துப் பார்த்தார்கள். வாசகர் மனம் அதில் ஒட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கல்லச்சு பரவியதும் சிக்கல் தீர்ந்தது. காத்திப் எனப்படும் எழுத்தர் தாளில் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றி அச்சிடலாம். 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகத்தின் உருது, பாரசீக நூல்கள் இந்த முறையில்தான் பெருகின. நாளிதழ் அலுவலகங்களில் காத்திப்கள் வரிசையாக அமர்ந்து செய்திகளை எழுதினார்கள்.

இந்த நிலையை மாற்றியவர் பாகிஸ்தானின் எழுத்துக் கலைஞர் மிர்ஸா அகமது ஜமீல். தனி எழுத்துகளை வரைவதை விட்டு, சொற்களில் சேர்ந்து வரும் எழுத்துக் கூட்டுகளை முழு வடிவங்களாகவே எழுதினார். 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட அந்த வடிவங்களை இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம் கணினி அச்சுக்கோப்பில் ஏற்றியது. 1981இல் 'ஜங்' நாளிதழ் இந்த நூரி நஸ்தலீக் எழுத்துருவைக் கையாளத் தொடங்கியது. இயந்திரத்துக்காக எழுத்தைக் குறைக்காமல், எழுத்துக்கு ஏற்ப இயந்திரத்தை வளைத்த இவ்வேலைக்கு எழுத்துருக்களின் வரலாற்றில் தனி மதிப்பு உண்டு. 1990களில் டெல்லியில் உருவான இன்பேஜ் மென்பொருள் வழியாக அதே எழுத்துரு சிறிய அச்சகங்களையும் எட்டியது. திருமண அழைப்பிதழ், புத்தக அட்டை, சுவரொட்டி எல்லாம் கணினிக்கு மாறின.

காத்திப்களின் தொழில் வேகமாகச் சுருங்கியது. சென்னை திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'முஸல்மான்' உருது நாளிதழ் மட்டும் 21ஆம் நூற்றாண்டிலும் நான்கு பக்கங்களைக் கையால் எழுதியே அச்சுக்கு அனுப்பிவந்தது.