யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் மாற்றார் கருத்தும்

அரசியலில் மாறுபட்டோர் ஓர் அரங்கில் ஒருங்கிருந்து பேசுதல் கூடுமோ என ஐயுறுவோர்க்கு, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் வரலாற்றை நாம் எடுத்துக் காட்டலாம். 1924ஆம் ஆண்டின் இறுதியில் மாணவர் காங்கிரஸ் என்னும் பெயருடன் அது தோன்றியது. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளம் ஆசிரியரும் மாணவருமே அதன் உயிர்நாடி. மிஷன் கல்லூரிகளிற் பயின்றோர் பலர் அதில் இருந்தனர். எனினும் சைவர், கிறித்தவர் என்ற வேற்றுமை அங்கு தலைகாட்டவில்லை. தமிழர் சிங்களமும் சிங்களவர் தமிழும் கற்றல் வேண்டும் என்றனர். கொழும்பு ஆனந்தாக் கல்லூரி அதிபர் குலரத்தினா யாழ்ப்பாணம் வந்து அவர்களின் மகாநாடொன்றுக்குத் தலைமை தாங்கினார்.

நம் மனத்தை மிகவுங் கவர்வது 1926 ஆடி மாதத்து நிகழ்ச்சியாகும். ஒக்ஸ்போர்டிற் கற்றுத் திரும்பியிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா, இவ்விளைஞரின் ஆதரவில் யாழ்ப்பாணத்திற் சொற்பொழிவாற்றினார். அப்பொழுது அவருக்கு வயது 27. இலங்கைக்கு ஏற்றது சமஷ்டி ஆட்சியே என்பது அவர் வாதம். ஆட்சேபங்கள் ஆயிரம் எழலாம், அவை அடங்கியபின் ஏதோ ஒருவகைச் சமஷ்டியே தீர்வாக எஞ்சும் என்றார். காங்கிரசாரின் கனவோ பிரிவற்ற இலங்கையின் பூரண சுயராச்சியம். ஆயினும் மேடை கொடுத்தனர்.

காலம் எவ்வளவு விந்தையாகத் திரும்பியது! 1949இல் தோன்றிய தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்டது. 1956இல் பண்டாரநாயக்காவே தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1957 ஆடியில் அவரும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் 1958 சித்திரையிற் கைவிடப்பட்டது. பேச்சினால் ஆவதென்ன என்போர் இதனையே சான்று காட்டுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. அது தலைவர்கள் தம்முட் பேசி எழுதிய ஒப்பந்தம். இரு சாரார் ஊர்களிலும் மக்கள் கூடியிருந்து ஆராயுமுன்னரே எதிர்ப்பு மூண்டுவிட்டது.

காங்கிரசாரிடம் குறையே இல்லையென நாம் சொல்லவரவில்லை. பாடசாலைகளிற் சம ஆசனம், சமபோசனம் என்று தம்மவரின் சாதி வெறியையே எதிர்த்து நின்றமை அவர்களின் பெருமை. 1931ஆம் ஆண்டுத் தேர்தற் பகிஷ்கரிப்பு வேறு கதை. டொனமூர் அரசியற்றிட்டம் சுயராச்சியம் தரவில்லை என்றனர், அது உண்மையே. தென்னிலங்கையும் தம்மைப் பின்பற்றும் என நம்பினர். அத்தனை சிங்கள நண்பரை அழைத்துப் பேசியவர்கள், இதனை அவர்களோடு முற்றப் பேசித் தீர்த்தபின்னரோ இறங்கினர்? தெற்கு தேர்தலுக்குச் சென்றது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாயிருந்தன.