படக் கார்டும் கம்பிக் கார்டும்

பழைய மெட்ராஸ் படக் கார்டுகள் சிலவற்றில் எழுத்து படத்தின் மேலேயே ஏறியிருக்கும். சேகரிப்பவர்கள் கறை என்பார்கள். எனக்கு அதுதான் சரக்கு. முகவரிப் பக்கத்தில் சேதி எழுதக் கூடாது என்பது அன்றைய தபால் விதி. பிரிட்டனிலேயே 1902-இல்தான் தளர்ந்தது. அதனால் கோபுரத்துக்கு மேலுள்ள வானத்தில் நலம் விசாரித்தார்கள் வெள்ளைக்காரர்கள். சலவைக்காரர், ஆயா படம் போட்ட கார்டுகளும் சீமைக்குப் போயின. படத்தில் இருப்பவருக்குப் பெயர் மட்டும் கிடையாது.

நம்ம ஜெயங்கொண்டம் பக்கம் புழங்கியதெல்லாம் 1879-இல் காலணாவுக்கு வந்த வெறும் கார்டின் வாரிசுகள்தான். பெயர் உண்டு, படம் இல்லை. மூலையில் மஞ்சள் என்றால் நல்ல சேதி. கம்பியில் குத்தி வைப்பார்கள். கறுப்பு தடவியிருந்தால் சாவுச் சேதி. படித்த கையோடு கிழித்துப் போட்டுடுவாங்க. தாத்தா வீட்டுக் கம்பியை முழுசா உருவிப் பார்த்துட்டேன். அதில் யாருமே சாகவில்லை.