வீட்டு உறுதி பிறந்த கதை

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கல்முனை வீதியில் தெற்கே போனால், காத்தான்குடிக்கு முன்னால் நாவற்குடா வரும். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் மணல் நிலம். இந்தப் பக்கத்து வளவுகளில் ஒரு வீட்டைக் காட்டி "இது ஆருட வீடு?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர்தான் பதிலாக வரும். கல்யாணம் முடித்த ஆண், மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடு அவளுடையது. அவளுக்குப் பின் அவளுடைய மகளுக்கு.

இலண்டன் புறநகர்களான ஹரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் குடியேறிய நம்மவர்கள் வீடு வாங்கும் விதம் வேறு. புருஷனும் மனைவியும் சம்பளச் சிட்டைகளைக் காட்டி, இருபத்தைந்து முப்பது வருடங்களுக்கு வங்கிக் கடன் எடுத்து, சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வாங்குகிறார்கள். நாவற்குடாவில் வீடு பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஆனாலும் இரண்டு இடத்திலும் அலுமாரிக்குள் இருந்த கடதாசிக்கு மூலம் ஒன்றுதான். அந்தக் கடதாசியைத்தான் நாம் உறுதி என்கிறோம்.

1677இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் மோசடிகளைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டம் செய்தது. காணி கைமாறினால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும்; வாய்ப்பேச்சும் கூலிக்குப் பிடித்த சாட்சியும் போதாது என்பது அதன் சாரம். அந்த எண்ணம் கப்பலேறி வந்து, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கையில் இறங்கியது. இங்கே அது இன்னும் இறுக்கமானது. காணியை விற்பதானாலும் கொடுப்பதானாலும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கூட இருக்கக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. உறுதியின் மூலப்பிரதி உரியவருக்கு, ஒரு பிரதி நொத்தாரிசிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. நிலத்தின் அளவுகூட இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். 160 பேர்ச் ஒரு ஏக்கர். இங்கிலாந்தில் இன்று வீடு விற்பவர் பேர்ச் பேசுவதில்லை; நாவற்குடாவில் பத்துப் பேர்ச், பதினைந்து பேர்ச் என்றுதான் பேச்சு.

அதற்கு முன் மட்டக்களப்பில் சட்டம் இல்லாமல் இருக்கவில்லை. குடி என்பது இங்கே தாய்வழி. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. இங்குள்ள முக்குவர் சமூகத்தின் வழக்கத்தில் முதுசம் என்ற பரம்பரைச் சொத்து தாய்வழியே இறங்கியது. ஒருவனுடைய முதுசச் சொத்து அவன் பிள்ளைகளைவிடச் சகோதரியின் பிள்ளைகளைத் தேடிப் போனது. சொந்த உழைப்பில் சேர்த்த தேட்டத்துக்கு வேறு கணக்கு. தாய்வழிக் குடி மற்றச் சமூகத்தாரிடமும், இப்பகுதி முஸ்லிம்களிடமும் உண்டு. காத்தான்குடியிலும் மகளுக்குத்தான் வீடு.

இந்த முக்குவர் வழக்கத்தைத் தொகுத்து சி. பிரிட்டோ ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டது 1876இல். அதே ஆண்டில்தான் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைக்கும் கண்டிச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் அது விலக்குக் கொடுத்தது. மட்டக்களப்பு வழக்கத்துக்கு அந்த விலக்குக் கிடைக்கவில்லை. மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, மீதி மகன், மகள் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. பார்வைக்கு நியாயமான சட்டம். ஆனால் மகளின் குடியிருப்பு என்று ஊரே அறிந்த வீட்டில், தாய் கண்மூடிய மறுநாள் அண்ணன் தம்பிமாருக்கும் பங்கு வந்துவிடும்.

நாம் இன்று சீதன உறுதி என்று சொல்வது இந்த இடைவெளியை அடைக்கத்தான் இவ்வளவு வேரூன்றியது என்பது என் எண்ணம். வழக்கம் நீதிமன்றத்தில் செல்லாது, கடதாசி செல்லும். அப்படியானால் வழக்கத்தைக் கடதாசியில் எழுதிவிட வேண்டியதுதான். கல்யாணப் பேச்சு முடிந்ததும், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, வீடு வளவை மகள் பெயருக்கு எழுதி வைத்தார்கள். பலர் தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதினார்கள்: உரிமை மகளுக்கு, சாகும்வரை இருக்கும் உரிமை தமக்கு. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் மற்ற மூலையில் சின்னதாக ஒன்று போட்டு இறங்கிவிடுவார்கள். அடுத்தவளுக்குக் காலம் வரும்போது அந்தச் சின்னதுதான் பெரிதாகும். அக்கா தங்கைமார் பக்கத்துப் பக்கத்து வளவுகளில், ஒரே கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வாழ்ந்தது இப்படித்தான். "இது உனக்குத்தான் மனே" என்று ஒரு தாய் சொன்ன வார்த்தைக்கு நொத்தாரிசின் முத்திரை காவலாக நின்றது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1882ஆம் ஆண்டின் விவாகமான பெண்கள் சொத்துச் சட்டம் வரும்வரை, இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் புருஷனின் கைக்குள் அடங்கியது. அந்த நாட்டின் அதிகாரிகள் மட்டக்களப்புக் கச்சேரியில் இருந்த காலத்திலே, வாவிக்கரையில் பெண்கள் வீட்டுக்காரிகளாக இருந்தார்கள். இன்றுகூட, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியை விற்கப் புருஷனின் சம்மதம் வேண்டும். நாவற்குடாப் பெண்ணுக்கு அது வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில், 1775இல் பர்மிங்ஹாமில் ரிச்சர்ட் கெட்லி என்பவரின் கோல்டன் குரொஸ் விடுதியில் கூடியவர்கள் மாதாமாதம் பணம் போட்டு, ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டினார்கள். இன்றைய இங்கிலாந்தின் வீட்டுக்கடன் சங்கங்கள் அங்கிருந்து தொடங்கியவை. அந்தக் காலத்துச் சங்கங்கள் எல்லாருக்கும் வீடு கிடைத்ததும் கலைந்துவிடும்; நம் பெண்கள் பிடிக்கும் சீட்டு மாதிரியேதான். இங்கே சீட்டோடு நகை அடகும் வயல் விளைச்சலும் சேர்ந்தன. பின்னர் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாய்மாரின் சம்பளமும், வெளிநாடு போன அண்ணன்மார் அனுப்பிய காசும் சேர்ந்தன. மகளுக்கு நிலைக்கதவு வைக்க ஒரு தாய் தன் வயதைப் பாலைவன நாட்டில் கழிப்பது பெரிய கொடுமை. மூன்று பெண்பிள்ளை பெற்ற வீட்டில் அந்தச் சுமையை நான் அழகாக்கிப் பேச மாட்டேன். வீடு பெண்ணுக்கு என்பது வேறு. வீடில்லாத பெண்ணுக்குக் கல்யாணமில்லை என்பது வேறு. முதலாவது காக்க வேண்டியது, இரண்டாவது ஒழிய வேண்டியது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் சுனாமியாக வந்தது. நாவலடி, திருச்செந்தூர், நாவற்குடாவின் கடற்கரைப் பக்கம் எல்லாம் அடிபட்டன. அலுமாரியோடு உறுதியும் போனது. பதிவு செய்த உறுதிக்குப் பதிவகத்தில் பிரதி எடுக்க வழி இருந்தது. ஆனால் அனுபவத்தில் மட்டும் இருந்த காணிக்கும், வெறும் அனுமதிப்பத்திரக் காணிக்கும் அப்படி எடுக்க எதுவுமில்லை. வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றது அரசு. பலர் தூரத்து வீட்டுத்திட்டங்களுக்குப் போனார்கள். புது வீட்டுப் படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். அதில் பெரும்பாலும் புருஷனின் பெயர் ஏறியது. தாயின் தாயிடமிருந்து வந்த வீட்டை இழந்தவளுக்குக் கிடைத்த பதில் வீடு, அவள் பெயரில் இல்லை. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துப் பேசின, ஆய்வாளர்களும் எழுதினார்கள். நன்மை செய்ய வந்தவர்களின் ஒரு படிவம், தலைமுறை தலைமுறையாக நின்ற உரிமையைச் சில மாதங்களில் தட்டிவிட்டது.

அரச காணியின் கதையும் அதே திசையில்தான் போனது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் குறிக்கப்படாதபோது ஆண்பிள்ளையையே முன்னுக்கு வைத்தது. அதைத் திருத்த 2022 வரை செல்ல வேண்டியிருந்தது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணன்மாரிடமும், ஊரில் அத்திவாரம் வெட்டும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுத்திட்ட வீட்டில் வெறும் கடிதத்தோடு குடியிருப்பவர்கள் பிரதேச செயலகத்தில் காணிப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் மனைவியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதி எழுதுபவர்கள் அது காணிப் பதிவகத்தில் பதிவானதை உறுதிசெய்து கொள்ளுங்கள். மகளுக்குக் கல்யாணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அவள் பெயரில் இன்றே எழுதலாம். அதற்கு மாப்பிள்ளை தேவையில்லை.