பிள்ளையின் நரம்புக்குத் தனி அளவுகோல்



திரிங்காப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் கொழுந்து கிள்ளப் போகிறவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. குளிரில் விரல்கள் விறைத்துப் போகும். வெயில் ஏறிய பிறகே சுறுசுறுப்படையும். இதில் நரம்புக்கும் பங்கு உண்டு. நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை மனிதன் எப்படி அளந்தான், குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை இன்று பார்ப்போம்.

ஜெர்மானியப் பேராசிரியர் யோஹான்னஸ் முல்லர், இந்த வேகத்தை அளக்கவே இயலாது என்று கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஆம் ஆண்டில் அதை அளந்து காட்டினார். தவளையின் கால் நரம்பை ஓரிடத்தில் மின்சாரத்தால் தூண்டி, தசை துடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று குறித்தார். பிறகு சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் தூண்டினார். நேர வித்தியாசத்தையும் இடைத் தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டபோது, வேகம் விநாடிக்குச் சுமார் 30 மீட்டர் என்று தெரிந்தது.

இன்றைய மருத்துவமனைச் சோதனையும் இதே கணக்குத்தான். 10 சென்டிமீட்டர் தூரத்தை ஒரு விநாடியின் ஆயிரத்தில் 2 பங்கு நேரத்தில் கடந்தால், வேகம் விநாடிக்கு 50 மீட்டர். பெரியவர்களின் முன்கையில் 50 மீட்டரும் அதற்கு மேலும் இருப்பது இயல்பு.

ஆனால் பிறந்த குழந்தைக்கு? 1960-ஆம் ஆண்டில் தாமஸ், லாம்பர்ட் என்ற அமெரிக்க மருத்துவர்கள், குழந்தைகளின் முன்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பை ஆராய்ந்து எழுதினார்கள். பிறந்த குழந்தையின் வேகம் பெரியவர்களின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான். அது வளர வளரக் கூடி, 3 முதல் 5 வயதுக்குள் பெரியவர்களின் அளவை எட்டுகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வேகம் இன்னும் குறைவு என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

காரணம் என்ன? மின்கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோல், நரம்பு இழைக்கு மயலின் என்ற கொழுப்பு உறை உண்டு. பிறக்கும்போது அது மெல்லியதாக இருக்கிறது, இழையும் மெலிந்திருக்கிறது. இரண்டும் தடிக்கத் தடிக்க வேகம் கூடுகிறது. இளந்தேயிலைச் செடியில் முதிர்ந்த செடியின் விளைச்சலை யாரும் எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

இதனால் நமக்கு என்ன பயன்? விநாடிக்கு 30 மீட்டர் என்ற அளவு, பிறந்த குழந்தைக்கு இயல்பானது. அதே அளவு 6 வயதுப் பிள்ளைக்கு வந்தால், காரணம் தேட வேண்டும். வயதைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்தால், நலமான பிள்ளையைப் பெற்ற தாய் வீணாகக் கலங்குவாள். நோயுள்ள பிள்ளை கவனிக்கப்படாமலும் போகலாம். நோயில்லாத பிள்ளைகளையும் அளந்து பார்த்ததால்தான் இந்த உண்மை வெளிப்பட்டது. நலமான குழந்தைகளின் கைகளை நீட்டிக்கொடுத்த பெற்றோருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

குளிரை மறக்க வேண்டாம். கையின் சூடு 1 டிகிரி குறைந்தால், வேகம் 1 முதல் 2 மீட்டர் வரை குறையலாம். ஆகவே சோதனைக்குக் கூட்டிச் செல்லும்போது, பிள்ளையின் கைகால்களைப் போர்த்திக் கதகதப்பாக வைத்திருங்கள். பிறந்த தேதியையும், எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சோதனையில் சுருக்கென்று மின்சாரம் தட்டும். பிள்ளை அழலாம், ஆனால் தீங்கு நேராது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நன்றாக ஓடியாடிய பிள்ளையின் கையோ காலோ திடீரெனச் சோர்ந்து விழுந்தால், நாளை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது; அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.