ரிச்மண்ட் நகரத்துக் கணக்கு

"கடை திறக்க வேண்டாமென்று யார் தடுத்தார்கள்? திறமை இருந்தால் வளரட்டுமே!" எல்லா நாட்டிலும் கேட்கும் பேச்சு இது. தோழர்களே! அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள ரிச்மண்டைப் பாருங்கள். தடுத்தார்களா இல்லையா என்பதை அந்நகரத்தின் வரலாறே கூறும்.

அடிமை முறையைக் காக்க வாளெடுத்த தென் மாநிலங்களுக்குத் தலைநகராயிருந்த ஊர் அது. அங்கே, அடிமையாய் வாழ்ந்த ஒரு தாயின் மகளாகப் பிறந்தவர் மேகி லீனா வாக்கர். தாய் துணி வெளுத்துப் பிழைத்தார். மகள் துணி மூட்டை சுமந்தார். மூட்டை சுமந்த அந்தப் பெண்தான் 1903இல் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் தொடங்கித் தலைவரானார்! அமெரிக்காவில் வங்கித் தலைமை ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. பென்னி என்பது செப்புக்காசு. வெள்ளையர் வங்கி கதவடைத்த காலத்தில், சலவைப் பெண்டிரும் சமையற்காரரும் சேர்த்த காசு, கறுப்பருக்கு வீடாயிற்று, தொழிலாயிற்று.

1905இல் பல்பொருள் அங்காடி ஒன்றையும் திறந்தார். கறுப்பினப் பெண்கள் அங்கே விற்பனையாளராயினர். விட்டார்களா? வெள்ளை வணிகர் சங்கம் கூட்டினர். அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்கலாகாது என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினர். கறுப்பரிலும் பலர் வெள்ளையர் கடையையே நாடினர். அதுகண்டு வாக்கர் மனம் வெதும்பியதும் உண்டு. 1911இல் கடை மூடப்பட்டது. வங்கி மட்டும் நின்றது.

ஆண்டுகள் உருண்டன. 1983இல் நகர மன்றத்தின் ஒன்பது இடங்களில் ஐந்து கறுப்பரிடம். நகர மக்களில் ஏறக்குறைய பாதி அவர்களே. ஆனால் முந்தைய ஐந்தாண்டுகளில் நகராட்சி தந்த கட்டட ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் நிறுவனங்கள் பெற்றதோ 0.67 விழுக்காடு! நூற்றுக்கு ஒன்றுகூட அல்ல! ஒப்பந்தம் எடுக்கும் பிற நிறுவனங்கள், தொகையில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குத் துணை ஒப்பந்தமாகத் தரவேண்டுமென மன்றம் விதி செய்தது.

சிறைச்சாலையில் கழிப்பிடச் சாதனங்கள் பொருத்தும் வேலையில் கிளம்பிய வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை ஏறிற்று. 1989 ஜனவரி 23இல் தீர்ப்பு: அறுவர் ஒருபுறம், மூவர் மறுபுறம்; விதி செல்லாது. அலாஸ்காப் பழங்குடியினரையும் பட்டியலில் சேர்த்திருந்தார்களே, ரிச்மண்டில் அவர்களுக்கு என்ன அநீதி நேர்ந்தது என்றார் நீதிபதி ஓ'கானர். நியாயமான கேள்விதான், விதி எழுதியோர் கவனம் தவறினர். ஆனால், ஒப்பந்தக்காரர் சங்கங்களில் கறுப்பர் அனேகமாக இல்லையே என்று காட்டியபோது, அதுவும் தனித்துச் சான்றாகாது, கட்டடத் தொழிலைவிட வேறு தொழில்களில் அவர்களுக்கு நாட்டம் இருந்திருக்கலாம் என்றாரே! நாட்டமாம்! அங்காடி நடத்த வாக்கருக்கு நாட்டம் இல்லாமலா போயிற்று?

அமர்வில் இருந்த ஒரே கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல். பெரும்பான்மைத் தீர்ப்பை மறுத்த மூவரில் அவரும் ஒருவர். அந்த நகரம் முன்பு எதற்குத் தலைநகராயிருந்தது என்பதைத் தம் தீர்ப்பில் நினைவூட்டினார் அவர்.