டெய்லி ஓட்ட ‘ஹாட் ஹேட்ச்’ கார் வாங்கலாமா? விழுப்புரம், திண்டிவனம் ரோட்டுக்கு எது செட் ஆகும்? முழு விவரம்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில் சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது மண்டகப்பட்டு. மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலால் வரலாற்றுப் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர். அங்கே குடியிருக்கும் ஒருவர் தினமும் வேலைக்கு விழுப்புரம் போகிறார், வாரத்தில் ஒருநாள் திண்டிவனம், மாதம் ரெண்டு முறை சென்னை என்று வைத்துக்கொள்வோம். கார் வேண்டும். ஆனால் வெறும் ‘மைலேஜ் வண்டி’ வேண்டாம், ஓட்டும்போது கொஞ்சம் ஜாலியா இருக்கணும். பட்ஜெட் 10 லட்சத்தைச் சுற்றி.

இப்படிப்பட்டவர்கள் தேடிப் போவதுதான் ‘ஹாட் ஹேட்ச்’. ஷோரூமுக்குள் கால் வைக்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன. அதில் முக்கியமானது இன்ஜினே இல்லை, வரி.

ஹாட் ஹேட்ச்னா என்ன?

பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சின்னக் கார் ஹேட்ச்பேக். அதே காருக்குள் பலமான இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக் வைத்தால் ஹாட் ஹேட்ச். குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம், தனியாகப் போகும்போது ரசித்தும் ஓட்டலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

உலகம் முழுக்க இதற்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. 1975-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 பிஎஸ் பவர், எடை சுமார் 810 கிலோ. 5,000 கார் விற்றால் போதும் என்று தொடங்கியவர்கள் முதல் தலைமுறையில் மட்டும் 4.5 லட்சத்துக்கு மேல் விற்றார்கள்.

அதே கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் இந்தியாவுக்கும் வந்தது. முழுதாக இறக்குமதி, 2.0 லிட்டர் டர்போ, 265 பிஎஸ். அறிமுக விலை 53 லட்சம் ரூபாய், அதுவும் எக்ஸ்-ஷோரூம். தமிழ்நாட்டில் இதற்கான 20% ஆயுள்கால வரி மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டும். அந்த வரிக் காசுக்கே இங்கே ஒரு சின்ன டர்போ கார் வாங்கிவிடலாம்!

நம்ம ஊரில் மட்டும் ஏன் இன்ஜின் இவ்வளவு சின்னது?

காரணம் ஜிஎஸ்டி. நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால்தான் அது ‘சின்னக் கார்’. 2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் அதற்கு 18% ஜிஎஸ்டி. முன்பு செஸ் சேர்த்து 29% இருந்தது. இந்த அளவில் ஒன்று தாண்டினாலும் 40%.

அதனால்தான் ஐரோப்பாவில் 1.6 லிட்டர் இன்ஜின் போடும் கம்பெனி, இங்கே 1.0 லிட்டரில் டர்போ வைத்துக் கொடுக்கிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழன்று, இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. சிசி குறைவாக இருந்தாலும் இழுவை வரும். ஆனால் ஒரு குறை உண்டு. ரொம்பக் கீழான வேகத்தில் டர்போ தூங்கும், ஒரு கட்டத்துக்கு மேல்தான் முழிக்கும். கிராமத்து ரோட்டில் ரெண்டாவது கியரில் உருட்டும்போது இது நன்றாகவே தெரியும்.

10 லட்சம் என்ற கோடு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கார்களுக்கான ஆயுள்கால வரி மாற்றப்பட்டது. 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13%. 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18%. வரி, தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மொத்த விலைக்கும் போடப்படும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.90 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,28,700 ரூபாய். 10.10 லட்சம் ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாய். விலை வித்தியாசம் 20 ஆயிரம்தான், வரி வித்தியாசம் 53 ஆயிரத்துக்கு மேல். ‘சார், சன்ரூஃப் வர்ற மாடலுக்கு சும்மா கொஞ்சம்தான் கூட’ என்று விற்பனையாளர் சொல்லும்போது எக்ஸ்-ஷோரூம் விலையைக் கேட்காதீர்கள். ஆன்-ரோடு விலையை எழுதி வாங்குங்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1% டிசிஎஸ்ஸும் பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கழித்துக்கொள்ளலாம்.

அப்போ பாண்டிச்சேரி நம்பர் வாங்கிடலாமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கார் வாங்கும் எல்லார் வீட்டிலும் ஒருமுறையாவது வரும் பேச்சு இது. பக்கத்திலேயே புதுச்சேரி, அங்கே வரி குறைவு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வரியும் கட்ட வேண்டும். புதுச்சேரியில் உண்மையாகவே வசிப்பவருக்குப் பிரச்சினை இல்லை. மண்டகப்பட்டில் குடியிருந்துகொண்டு பிஒய் நம்பரில் வருடக்கணக்கில் ஓட்டினால், சோதனையில் மாட்டும் அன்று மிச்சம் பிடித்த காசு திரும்பப் போய்விடும்.

புதுசா என்ன இருக்கு?

முதல் பெயர் ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021 செப்டம்பரில் வந்தது. நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் கார். 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ, 120 பிஎஸ் பவர், 172 என்எம் டார்க். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐ விட இறுக்கமான சஸ்பென்ஷன். முதலில் கிளட்ச் பெடலே இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸ் கொடுத்தார்கள். 2023-ல் அதை எடுத்துவிட்டு ஒழுங்கான 6 ஸ்பீடு மேனுவல் வைத்தார்கள். நல்ல முடிவு. ஓட்டும் ஆசைக்காக வாங்கும் காரில் கிளட்ச் இல்லையென்றால் பாதி சுவை போச்சு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ‘ஐ20 என்’ வேறு, ‘ஐ20 என் லைன்’ வேறு. ஐரோப்பாவில் விற்ற ஐ20 என், 1.6 லிட்டர் டர்போவில் 204 பிஎஸ் கொடுத்த நிஜமான ஹாட் ஹேட்ச். அது இந்தியாவுக்கு வரவே இல்லை. இங்கே கிடைக்கும் என் லைன், அந்தக் குடும்பத்தின் சாயல் உள்ள சாதுவான தம்பி. ‘வார்ம் ஹேட்ச்’ என்று சொன்னால் பொருத்தம்.

இதன் அடிப்படை வகை 10 லட்சத்துக்குள் அடங்கும். டிசிடி ஆட்டோமேட்டிக் வகைகள் தாண்டும். மேலே சொன்ன வரிக் கோடு இங்கேதான் குறுக்கே வருகிறது. அதனால் மேனுவலிலேயே நிற்பது பாக்கெட்டுக்கும் நல்லது, ஓட்டத்துக்கும் நல்லது.

அடுத்தது டாடா ஆல்ட்ராஸ் ரேசர். 2024 ஜூனில் 9.49 லட்சத்தில் தொடங்கி வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 170 என்எம், 6 ஸ்பீடு மேனுவல் மட்டும். ஆல்ட்ராஸ் 2020-லேயே குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது, ஐ20 வாங்கியது 3. இந்த ஒரு காரணத்துக்காகவே ரேசரைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் 2025 மே மாதம் ஆல்ட்ராஸ் புதுமுகம் எடுத்தபோது ரேசருக்கு அந்த மாற்றம் கிடைக்கவில்லை. எனவே டீலரிடம் கையிருப்பு, தயாரிப்பு மாதம், தள்ளுபடி மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் பேசணும்.

சிட்ரோயன் சி3 டர்போ, திருவள்ளூர் ஆலையின் தயாரிப்பு. 110 பிஎஸ், மேனுவலில் 190 என்எம். குண்டும் குழியுமான ரோட்டை இந்த விலையில் இவ்வளவு மென்மையாகக் கடக்கும் கார் குறைவு. ஆனால் இதன் மின்சார வகையான ஈசி3, 2024-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கியது. வாங்கும் வகையில் எத்தனை ஏர்பேக் என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

பவர் முக்கியமில்லை, ஜாலிதான் முக்கியம் என்பவருக்கு மாருதி ஸ்விஃப்ட். 82 பிஎஸ்தான். ஆனால் எடை 1,000 கிலோவுக்கும் கீழே. எடை குறைவான கார் திரும்பும்போது கொடுக்கும் சுகத்தை எந்த டர்போவும் கொடுக்காது. 2024-ல் வந்த தலைமுறையில் 6 ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. சர்வீஸ், ஸ்பேர் பற்றிய கவலையும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் ஆசை: போலோவா, அபார்த்தா?

ஃபோக்ஸ்வேகன் போலோ இந்தியாவில் 2022-ல் நின்றது. இன்றும் அதற்கு ரசிகர் கூட்டம் குறையவில்லை. 2013-ல் வந்த 1.2 ஜிடி டிஎஸ்ஐ-யில் 105 பிஎஸ், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி. ஓட்ட அருமை. ஆனால் அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸும் அதன் கட்டுப்பாட்டு யூனிட்டும் பழுதானால் செலவு சாதாரணமாக இருக்காது. 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ, 110 பிஎஸ், மேனுவல் அல்லது சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். பழசு வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு இந்த ரெண்டாவதைத் தேடுவதே புத்திசாலித்தனம். இதே குடும்பத்து இன்ஜின் விர்டஸ், டைகுனிலும் இருப்பதால் மெக்கானிக்குக்கும் பழக்கம்.

2015-ல் வந்த அபார்த் புன்டோ 145 பிஎஸ். அந்த விலையில் அவ்வளவு பவர் அதற்கு முன்பு கிடையாது. ஆனால் ஃபியட் பெயரில் இப்போது இங்கே கார் விற்பனையே இல்லை. பாகத்துக்காக அலைய நேரமும், கையில் இன்னொரு வண்டியும் இருப்பவருக்கு மட்டும். டெய்லி ஓட்ட வேண்டாம். 2017-ல் வந்த மாருதி பலேனோ ஆர்எஸ், 102 பிஎஸ். பலரும் மறந்துவிட்ட கார் என்பதால் பேரம் பேசலாம்.

பழைய டர்போ காருக்கு இன்னொரு சிக்கல் இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20% கலந்தால் ஒரு லிட்டரில் சுமார் 7% ஆற்றல் குறைகிறது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பல இ20-க்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஃபியூயல் லைன் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

டெஸ்ட் டிரைவ் எங்கே போகணும்?

ஷோரூம்காரர்கள் பைபாஸில் ஒரு ரவுண்டு அடித்துக் காட்டுவார்கள். விழுப்புரம்-திண்டிவனம் நான்குவழிச் சாலையில் எந்தக் காரும் நல்ல கார்தான். நீங்கள் தினமும் போகும் ரோட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

செஞ்சி ரோட்டிலோ, ஊருக்குள் பிரியும் கிளைச் சாலையிலோ பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் ஒன்று கட்டாயம் கிடைக்கும். நாலு பேர், கொஞ்சம் லக்கேஜ் ஏற்றிக்கொண்டு அதை ஏறி இறங்குங்கள். ஐ20, ஆல்ட்ராஸ் இரண்டுக்கும் தரை இடைவெளி சுமார் 165 முதல் 170 மி.மீ., அதுவும் ஆள் ஏறாதபோது. அடியில் உரசும் சத்தம் கேட்டால் அதை வருடம் முழுக்கக் கேட்பீர்கள். என் லைனில் வரும் 195/55 ஆர்16 டயரில் பக்கச்சுவர் உயரம் குறைவு. மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் வேகமாக இறங்கினால் டயர் வெடிப்பதும், அலாய் வீல் வளைவதும் நடக்கும். ஸ்டெப்னி இருக்கா, என்ன சைஸ் என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று, ஹெட்லைட். இதை யாரும் கேட்பதே இல்லை. கரும்பு சீசனில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் லோடு டிராக்டர்கள் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் ராத்திரியில் நகரும். 120 பிஎஸ் கார் அதை நெருங்க எடுக்கும் நேரம் ரொம்பக் குறைவு. மாலை 7 மணிக்கு மேல் ஒரு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். மறுத்தால் வேறு டீலரைப் பாருங்கள்.

ஓவர்டேக்கும் இங்கேதான் தெரியும். ஒற்றைச் சாலையில் பஸ்ஸைத் தாண்ட மூன்றாவது கியருக்கு இறக்கி மிதிக்கும்போது தயக்கமில்லாமல் இழுக்கிறதா? நல்ல டர்போ காரின் உண்மையான பயன் இதுதான். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் நேரம் குறைகிறது.

டிசிடி எடுப்பவர்கள், பண்டிகை நாளில் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊர்ந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உலர் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் சூடாகும். முன்னால் இரண்டு கார் இடைவெளி விழுந்த பிறகு நகர்த்துவது அதன் ஆயுளைக் கூட்டும்.

சைலன்சர் மாற்றலாமா? ரீமேப் பண்ணலாமா?

கூடாது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. 182ஏ(4) பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்தால் வாரன்டி போகும், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு காரணம் கிடைக்கும். நல்ல டயர், நல்ல பிரேக் பேட், இந்த இரண்டில் செலவு செய்தால் சட்டச் சிக்கலும் இல்லை, பலனும் அதிகம்.

அப்போ வேகமா எங்கேதான் ஓட்டுறது?

ரோட்டில் வேக வரம்பு மீறினால் காருக்கு 183-வது பிரிவில் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். ஆசை தீர ஓட்ட தமிழ்நாட்டில் சட்டப்படியான இடமே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த ரேஸ் டிராக், சுமார் 3.7 கி.மீ. சுற்று. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சொந்தக் காரோடு வருபவர்களுக்காக ‘டிராக் டே’ நடத்துவார்கள். ஹெல்மெட், லைசென்ஸ், காரின் நிலை எல்லாம் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள். போகும் முன் இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துவிடுங்கள். டிராக்கில் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரண கார் பாலிசியில் பணம் கிடைக்காது.