ஹைடாடிட்

மண்ணீரலில் "ஹைடாடிட் கட்டி" என்று ஸ்கேன் அறிக்கையில் கண்டதும் பலர் புற்றுநோயோ என்று நடுங்குகிறார்கள். சொல்லுக்குள் இருப்பது தண்ணீர்தான். கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் நீர். 'ஹைடாடிஸ்' என்றால் நீர்க் கொப்புளம். நம் வழக்கில் நீர்க்கட்டி எனலாம். ஆனால் சினைப்பையில் வருவதையும் அப்படியே சொல்வதால், 'புழு நீர்க்கட்டி' என்பதே தெளிவு என்பேன்.

இந்தக் கட்டியை உண்டாக்கும் புழுவின் பெயர் எக்கினோகாக்கஸ். எக்கினோஸ் முள்ளெலி, காக்கஸ் மணி. அதன் தலையைச் சுற்றிக் கொக்கிகள் உண்டு. நாயின் குடலில் வாழும் இந்த நாடாப்புழுவின் முட்டை, அழுக்குக் கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ நம் வயிற்றுக்குள் போகிறது. அதிலிருந்து வரும் இளம்புழு பெரும்பாலும் கல்லீரலில் தங்கிக் கட்டியாகும், மண்ணீரலில் அரிது.

அறுவையில் கட்டியைத் திறந்தால், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போன்ற சவ்வும், திராட்சை போல் குஞ்சுக் கட்டிகளும் தெரியும். அந்த நீர் வயிற்றுக்குள் சிந்தினால் கடும் ஒவ்வாமை உயிரையே பறிக்கலாம், புதிய கட்டிகளும் முளைக்கும். அதனால்தான் சுற்றிலும் அடர் உப்புக் கரைசலில் நனைத்த துணியை அடைத்துவிட்டு மருத்துவர்கள் கத்தியை எடுக்கிறார்கள். முடிந்தால் கட்டியை மட்டும், முடியாவிட்டால் மண்ணீரலையே அகற்றுவார்கள். அல்பெண்டசோல் மாத்திரையும் உண்டு.

மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.